வாங்கி வந்த துணியை வெட்டுங்கள்



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஊர் சுற்றுகிறவர்கள். போன ஊரில் துணி எடுக்காமல் திரும்பாதவர்கள். ஜெய்ப்பூர் போனால் சாங்கானேர் அச்சுத் துணி, ஹைதராபாத் போனால் போச்சம்பள்ளி, காளஹஸ்தி தரிசனத்துக்குப் போனால் கலம்காரி. ஊர் திரும்பியதும் அது பீரோவுக்குள் போய்விடுகிறது. ஜாக்கெட்டுக்கு அகலம் அதிகம், சுடிதாருக்கு நீளம் போதாது. அழகோ அழகு, அதனால் கத்திரி வைக்க மனசு வரவில்லை. அப்படியே வருஷங்கள் போகின்றன. அந்தத் துணிகளை வெளியே எடுத்து, வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து ஒரு குயில்ட் தையுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

குயில்ட் என்பது பெரிய மர்மம் இல்லை. மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சோ பழந்துணியோ. மூன்றையும் ஊடுருவிப் போகும் ஓட்டுத் தையல். ராஜஸ்தானில் ரஜாய், மராட்டியத்தில் கோதடி, வங்கத்தில் காந்தா, வடகர்நாடகத்தில் கௌதி. பச்சைக் குழந்தைக்குக் கீழே விரிக்கப் பழம்புடவையை நாலாக மடித்துத் தைத்துக் கொடுத்த பாட்டிகள் நம் வீடுகளிலும் இருந்தார்கள்.

கைவேலைத் துணியை வெட்டுவது அதைச் செய்தவரை அவமதிப்பது ஆகாதா என்று நல்ல மனதோடு கேட்பவர்கள் உண்டு. அந்தக் கவலையை மதிக்கிறேன். ஆனால் துணியின் வரலாறு அந்தக் கவலையின் பக்கம் இல்லை.

நம்முடைய சோழமண்டலக் கரையையே எடுத்துக்கொள்வோம். 17ஆம் நூற்றாண்டில் மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து சாயம் தீட்டிய பருத்தித் துணி கப்பல் கப்பலாக வெளிநாடு போனது. சாயவேரிலிருந்து எடுத்த அந்தச் சிவப்பு, எத்தனை முறை துவைத்தாலும் நிறம் விடாதது. ஐரோப்பாவில் அது வந்த வேகத்தைப் பார்த்து அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் பிழைப்புப் போய்விடும் என்று கிளர்ந்தெழுந்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. 1759 வரை அது நீடித்தது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதியைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1721இல் பெரும்பாலான பருத்தித் துணிகளை உடுத்துவதும் வீட்டில் விரிப்பதுமே கூடாது என்றது.

இங்கிலாந்தின் வடக்கே, கம்ப்ரியா பகுதியில் லெவன்ஸ் ஹால் என்றொரு மாளிகை இருக்கிறது. அங்கே ஒரு குயில்ட். 1708ஐ ஒட்டித் தைத்தது என்று சொல்லப்படுவது. இந்தியாவிலிருந்து போன சாயத் துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி இணைத்தது. காலத்தைக் கவனியுங்கள்: முதல் சட்டம் வந்தாயிற்று, இரண்டாவது இன்னும் வரவில்லை. புதுத் துணி எளிதில் கிடைக்காத நேரத்தில் கையில் இருக்கும் சிறு துண்டும் அருமையாகத்தான் தெரிந்திருக்கும். பின்னாளில், அச்சுத் துணியில் உள்ள பூவையும் பறவையையும் மட்டும் ஓரம் பார்த்து வெட்டி, வெள்ளைத் துணி மேல் வைத்துத் தைக்கும் வேலை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிதாகப் பரவியது. ப்ரோடரி பெர்ஸ் என்று அதற்குப் பிரெஞ்சில் பெயர். அந்தப் பூக்களில் பல நம் கரையில் பூத்தவை, அல்லது அவற்றைப் பார்த்து அங்கே அச்சடித்தவை. வெட்டியதால் நம் சாயக்காரரின் வேலை அழிந்துபோகவில்லை. இன்னொருவரின் ஊசி அதன் மேல் ஏறியது, அவ்வளவுதான்.

இன்னும் பழைய சாட்சியும் இருக்கிறது. பட்டுப் பாதையில் பயணிகள் வந்து போன துன்ஹுவாங் ஊரின் குகைக் கோயில்களிலிருந்து தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் எடுத்துப்போன பொருள்களில், வெவ்வேறு நெசவுப் பட்டுத் துண்டுகளை இணைத்துத் தைத்த துணி ஒன்று உண்டு. 8, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வழிப்பயணம் உள்ள இடத்தில் துண்டுத் துணி சேரும், சேர்ந்த துணியை யாராவது தைப்பார்கள்.

ஆக, வெட்டலாம். ஏன் வெட்ட வேண்டும் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. வாங்கிய துணியை நாம் உண்மையில் பார்ப்பதே கத்திரி வைக்கும்போதுதான். கடையில் பார்ப்பது அதன் நிறத்தையும் விலையையும். தைக்க உட்காரும்போது அது எங்கே, எந்தத் தண்ணீரில், யாருடைய கையில் உருவானது என்பது ஒவ்வொன்றாகத் தெரிய வருகிறது. தெரியாமல் தைக்கவும் முடியாது, துணி ஒத்துழைக்காது.

அஜ்ரக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கட்ச் பகுதியின் கத்ரி சமூகத்தார் செய்வது. முன்னோர் சிந்து தேசத்திலிருந்து கட்ச் அரசரின் அழைப்பின் பேரில் 16ஆம் நூற்றாண்டில் வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. கருநீலம், செங்கல் சிவப்பு, கறுப்பு, நடுவே நட்சத்திரம் தெறித்தாற்போல வெள்ளை. மேலோட்டமாகப் பார்த்தால் நாலு நிறம், நாலு அச்சு என்று தோன்றும். அப்படி இல்லை. முதலில் துணியைச் சோடா, ஆமணக்கெண்ணெய், ஒட்டகச் சாணம் சேர்த்து ஊறவைத்து, பலமுறை துவைத்து, பசை எல்லாம் போக்குகிறார்கள். பிறகு கடுக்காய்த் தண்ணீரில் முக்கிக் காயவைக்கிறார்கள். அப்புறம் சுண்ணாம்பும் பிசினும் கலந்த பசையை அச்சுக்கட்டையால் ஒற்றுகிறார்கள். அந்த இடத்தில் சாயம் ஏறாது, வெள்ளையாக நிற்கும். கறுப்புக்கு, பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு போட்டுப் பல நாள் புளிக்க வைத்த நீர். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரம். பிறகு அவுரித் தொட்டி. பிறகு மஞ்சிட்டி வகைச் சாயத்தில் கொதிக்க வைப்பது. கொதிக்கும்போது படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பாக மாறும். இப்படிப் பதினான்கு, பதினாறு படிகள். ஒவ்வொரு படிக்கும் நடுவில் தண்ணீர், வெயில், தண்ணீர், வெயில்.

அந்தத் தண்ணீர்தான் கதை. இந்த வேலையின் பழைய ஊர் தமட்கா. 2001 ஜனவரி 26 அன்று வந்த நிலநடுக்கம் ஊரைச் சிதைத்தது. உயிர்களும் வீடுகளும் போனதோடு துயரம் நிற்கவில்லை; நிலத்தடி நீரின் தன்மையும் மாறியது, அதில் இரும்பு கூடிவிட்டது. குடிக்கும் தண்ணீரில் கொஞ்சம் இரும்பு இருந்தால் சமாளித்துக்கொள்ளலாம். அஜ்ரக்குக்கு முடியாது. கறுப்பு வர வைப்பதே இரும்புதான் என்று சற்று முன் சொன்னேன். தொட்டித் தண்ணீரிலேயே இரும்பு இருந்தால் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். அதனால் பல குடும்பங்கள் நல்ல தண்ணீர் தேடிப் போய், புஜ் நகருக்கு அருகே நிலம் வாங்கி, அஜ்ரக்பூர் என்று துணியின் பெயரையே வைத்துப் புது ஊர் அமைத்தார்கள். முன்னின்ற இஸ்மாயில் முகமது கத்ரிக்கு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2003இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

ஒரு ஊரே தண்ணீருக்காக இடம் மாறிய துணி அது. அதை மடித்துப் பீரோவில் வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. உடலோடு சேர்ந்து கிடக்க வேண்டிய துணி. நல்ல அஜ்ரக் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பழைய முறையில் இரண்டு பக்கமும் அச்சிடுவார்கள். பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. இத்தனை முறை அலசி வருவதால் அது ஏற்கெனவே சுருங்க வேண்டிய அளவு சுருங்கியிருக்கும். குயில்ட் தைப்பவருக்கு இது பெரிய வசதி.

அந்தக் கருநீலத்தில் நமக்கும் ஒரு பங்கு இருக்கலாம். திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அவுரி பயிராகிறது. இங்கே எடுக்கும் நீலம் வெளி மாநிலச் சாயப் பட்டறைகளுக்குப் போகிறது. நீங்கள் குஜராத்திலிருந்து சுமந்து வந்த நீலம் விழுப்புரம் மாவட்டத்து வயலிலிருந்து புறப்பட்டதாகவும் இருக்கக் கூடும்.

பக்ருவும் நீலத்தின் ஊர்தான். ஜெய்ப்பூரிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே சீப்பா சமூகத்தார் களிமண், சுண்ணாம்பு, பிசின், கோதுமைத் தூள் கலந்த சேற்றை அச்சில் ஒற்றி, மேலே மரத்தூள் தூவிக் காயவைத்து, அவுரியில் முக்குகிறார்கள். தாபு என்று பெயர். காயும்போது சேறு வெடிக்கும்; வெடிப்பு வழியாக நீலம் நூலிழைபோல உள்ளே கசியும். வெள்ளைப் பூவுக்குள் தெரியும் அந்த நீல நரம்புகளைக் கறை என்று நினைத்து வேறு துண்டு கேட்பவர்கள் உண்டு. அவை இருப்பதால்தான் அது சேற்று அச்சு.

இனி கத்திரி சொல்லிக்கொடுக்கும் ஒரு பாடம். பக்ரு துணியில் ஒரு சதுரம் வெட்ட வேண்டும். எதை வைத்து நேர் பார்ப்பது, அச்சையா, நூலையா? மேஜையில் விரித்த துணி மேல் கையால் கட்டையை ஒற்றிக்கொண்டே போவதால், அச்சு வரிசை நூல் வழியிலிருந்து கொஞ்சம் சாய்ந்திருக்கும். அச்சைப் பார்த்து வெட்டினால் கண்ணுக்கு நேராக இருக்கும், ஆனால் துண்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். துவைத்ததும் ஓரம் அலைபாயும். நான் எப்போதும் நூல் பக்கம்தான். ஓரத்தில் சிறு வெட்டுப் போட்டுக் கையால் கிழியுங்கள். துணி தன் நூல் வழியே கிழிந்து நேர்க்கோடு காட்டும். பூ சாய்ந்தால் சாயட்டும்.

போச்சம்பள்ளியில் இந்தச் சங்கடமே இல்லை. அங்கே நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயமேற்றுகிறார்கள். இக்கத் என்று பெயர். பாவிலும் ஊடையிலும் நிறம் எங்கே வர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டி, சாயம் முக்கி, அவிழ்த்து, அப்புறம்தான் தறி. நூலும் கோலமும் ஒன்றே. கிழித்துப் பாருங்கள், கோலத்தின் கோட்டோடு ஒட்டியே கிழியும். இந்த இரண்டு துணிகளையும் அடுத்தடுத்து வைத்து வெட்டிய பிறகு அச்சுக்கும் இக்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் போச்சம்பள்ளிக் கைத்தறிப் பருத்தியின் வெட்டு விளிம்பில் நூல் பிரியும். கால் அங்குலம் தையலுக்கு விடுவது வழக்கம் என்றால் இதற்கு அரை அங்குலம் விடுங்கள்.

மதுரைச் சுங்குடியைத் தனியாகச் சொல்ல ஆசை. சௌராஷ்டிரச் சமூகத்தாரின் கைவேலை. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. அவர்களின் முன்னோர் குஜராத்திலிருந்து புறப்பட்டு, விஜயநகரம் வழியாக, நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்தவர்கள். துணியைக் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் போடுவது, கட்ச் பகுதியின் பாந்தனியிலும் உண்டு. ஒரே குயில்டில் கட்ச் துணிக்குப் பக்கத்தில் சுங்குடி வந்தால், அது எங்கள் ஊர், இது வெளியூர் என்று பிரிக்க முடியாமல் போகிறது. நாம் ஊர் ஊராகப் போய் வாங்குகிறோம். அந்தத் துணிகளைச் செய்தவர்கள் நமக்கு வெகுமுன்பே பயணம் செய்து முடித்தவர்கள்.

அடுத்தது தண்ணீர். வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் துவைத்தே ஆக வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனி வாளியில். ஒரு துணி சுருங்கும், இன்னொன்று சுருங்காது. தைத்த பிறகு சுருங்கினால் பக்கத்துத் துண்டையும் சேர்த்து இழுக்கும். நிறத்தைச் சோதிக்க, ஈரமான வெள்ளைத் துணியால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். அவுரி நீலம் கையில் ஒட்டினால் பதற வேண்டாம். அது தண்ணீரில் கரையாத சாயம்; இழையின் மேல் உட்கார்ந்திருப்பதில் உபரி மட்டும் உராய்ந்து வரும், சில துவைப்பில் நின்றுவிடும். தண்ணீரிலேயே நிறம் கரைந்து ஓடினால்தான் ஆபத்து. உப்போ வினிகரோ போட்டால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டுக்கு வீடு நம்புகிறார்கள். சாயமேற்றும் தொட்டியில் சில சாயங்களுக்கு உப்பு உதவும் என்பது உண்மை. ஏற்றி முடித்து நம் கைக்கு வந்த துணியில் அது பூட்டுப் போடாது. தண்ணீர் தெளியும் வரை மென்மையான சோப்பில் அலசுவதுதான் வழி. தெளியவே இல்லை என்றால் அந்தத் துணியைக் குயில்டில் சேர்க்காதீர்கள். எவ்வளவு பிடித்திருந்தாலும் சேர்க்காதீர்கள், தலையணை உறையாக்குங்கள்.

துணி தயார். எப்படி இணைப்பது? புத்தகங்களில் சதுரம், முக்கோணம், நட்சத்திரம் என்று அளவு போட்ட முறைகள் நிறைய இருக்கின்றன. பயணத் துணிக்கு நான் சிபாரிசு செய்வது அவை அல்ல. உத்தர கன்னட மாவட்டத்தில் ஹலியாள், எல்லாப்பூர், முண்ட்கோடு வட்டாரக் காட்டோரக் கிராமங்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அந்தப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற குயில்டைத்தான் கற்றுக்கொள்ளச் சொல்வேன். அவர்கள் தைப்பது பழைய உடுப்புகளிலிருந்து. ஆனால் அளவு ஒத்துப்போகாத, கனம் ஒத்துப்போகாத துண்டுகளை ஒரு விரிப்பில் வாழவைக்க அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

தரையில் ஒரு பழம்புடவையையோ வேட்டியையோ விரிக்கிறார்கள். அதுதான் அடித்துணி. ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, வெளி விளிம்புகளை உள்பக்கம் மடித்து, ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே ஓரமாக நகர்கிறார்கள். அடுத்த துண்டின் மடித்த விளிம்பு முந்தையதன் பிசிறு விளிம்பை மூடும். இப்படியே நாலு ஓரமும் சுற்றி வந்து, அடுத்த சுற்று அதற்கு உள்ளே, பிறகு அதற்கும் உள்ளே. கடைசித் துண்டு நடுவில் வந்து உட்கார்ந்து வாசலை அடைக்கும். துண்டுகளை இணைப்பதும், அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதும் ஒரே வேலையாக முடிந்துவிடுகிறது. அளவுகோல் இல்லை, முன்கூட்டிய வரைபடம் இல்லை. நாலு மூலைகளிலும் மடித்த சிறு துணி முக்கோணங்களைப் பூவாக வைக்கிறார்கள். பூ இல்லாத கவந்தி அவர்களுக்கு முடிந்த கவந்தி ஆகாது.

இந்த முறையில் பஞ்சு கிடையாது. நம் ஊர் வெயிலுக்கு அதுவே பொருத்தம். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் மெல்லிய பஞ்சு வைத்துக்கொள்ளட்டும்; மற்றவர்களுக்கு நன்றாகத் துவைத்து நைந்த வேட்டி இரண்டு அடுக்குப் போதும். முதல்முறை தைப்பவர்கள் கட்டில் அளவுக்கு ஆசைப்பட வேண்டாம். ஒரு கஜ அகலத்தில் குழந்தை விரிப்பு ஒன்று தைத்துப் பாருங்கள். கனமான பருத்தி நூல், வரிசைக்கு வரிசை ஒரு விரல் இடைவெளி.

அடித்துணி முழுவதும் தாங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. இரும்பு போட்டு வரவழைத்த கறுப்பு, காலப்போக்கில் நூலை அரிக்கும். பழைய கலம்காரிகளை அருங்காட்சியகத்தில் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். பூவும் இலையும் நன்றாக இருக்கும், கறுப்புக் கோடு போட்ட இடம் மட்டும் இற்றுப் போயிருக்கும். அந்தத் துண்டு நெருக்கமான தையலோடு நல்ல துணி மேல் உட்கார்ந்திருந்தால் இழுவை அதன் மேல் விழாது. பீரோவில் தொங்கவிட்டால் விழும், மடித்து வைத்தால் மடிப்பில் வெடிக்கும்.

துண்டுகளை எப்படி வரிசைப்படுத்துவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். போன ஊர்களின் வரிசையில் அடுக்கி வரைபடம் போலத் தைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. அது துணியைப் பற்றியதாக இல்லாமல் நம்மைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. நீலத்தை நீலத்தோடு சேருங்கள். பக்ருவின் வெளிர் நீலம், கட்ச்சின் இருண்ட நீலம், இக்கத்தின் நீலம். மூன்றும் பக்கத்தில் வந்தால் ஒவ்வொரு தொட்டியின் ஆழமும் கண்ணுக்குத் தெரியும். சிவப்பும் அப்படியே. மசூலிப்பட்டினத்துக்கு அருகேயுள்ள பெடனாவின் கலம்காரிச் சிவப்பு ஒரு மாதிரி, அஜ்ரக் சிவப்பு வேறு மாதிரி; இரண்டும் படிகாரத்தில் பிறந்தவைதான்.

இனிமேல் வாங்கும்போது என்ன செய்யலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். குயில்டுக்கு என்று போனால் அரை மீட்டர், ஒரு மீட்டர் போதும்; பல பட்டறைகளில் தானின் கடைசியில் மிஞ்சிய பிட்டுகள் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். அஜ்ரக் கோலத்தை ஸ்கிரீனில் அடித்து மலிவாக விற்கிறார்கள். வசதிக்கு ஏற்ப அதை வாங்குவதில் தவறில்லை. அதைக் கையச்சு என்று சொல்லி விற்பதுதான் தவறு, அந்தப் பொய் கட்ச்சில் ஒரு குடும்பத்தின் கூலியைக் குறைக்கிறது. பின்பக்கம் பாருங்கள், நிறம் எவ்வளவு ஊடுருவியிருக்கிறது என்று. கட்டையும் கட்டையும் சந்திக்கும் இடத்தில் சின்ன ஏறுமாறு இருக்கிறதா என்று தேடுங்கள். தயங்காமல் கேளுங்கள்: இந்தச் சிவப்பு வேரிலிருந்தா, பொடியிலிருந்தா? பொடி என்றால் முகம் சுளிக்க வேண்டாம். மஞ்சிட்டி வகைச் சிவப்பைச் செயற்கையாக உருவாக்கி 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நேர்மையான பட்டறைகளிலும் அது புழங்குகிறது, கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள். சொன்னதை அங்கேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பட்டறைக்கே போங்கள். துணியோடு பில்லையும் பத்திரப்படுத்துங்கள், அதில் ஊர்ப் பெயர் இருக்கும்.

ஏனென்றால் அந்தக் குறிப்பு கடைசியில் வேண்டியிருக்கும். குயில்ட் முடிந்ததும் பின்பக்க மூலையில் ஒரு வெள்ளைத் துணித் துண்டு வைத்துத் தையுங்கள். அழியாத மையிலோ நூலாலோ அதில் எழுதுங்கள்: எந்தத் துணி எந்த ஊர், என்ன சாயம், கையச்சா நெசவா, அச்சிட்டவர் பெயர் தெரிந்தால் அவர் பெயர், தைத்தவர் பெயர், ஆண்டு. பழைய குயில்டுகளில் பெரும்பாலானவற்றில் இந்த விவரம் இல்லை. துணி எந்தக் கரையிலிருந்து வந்தது என்று இன்று ஆராய்ச்சியாளர்கள் சாயத்தையும் இழையையும் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் பேத்தி அதை விரித்துப் படுக்கும்போது புரட்டிப் பார்த்து, பெடனா எங்கே இருக்கிறது என்று கேட்கட்டும்.